காலை எட்டரை மணி ராத்திரி

எங்கள் வீட்டில் ராத்திரி காலை எட்டரைக்கு வரும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் மாடக்கண்ணு ஸ்பின்னிங் மில்லில் முழு நைட் பார்க்கிறவர். நடுராத்திரி பன்னிரண்டுக்கு உள்ளே போனால் காலை எட்டுக்குத்தான் வெளியே வருவார். பசுவந்தனை ரோட்டில் எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் மில் வேன் அவரை இறக்கிவிடும்போது எட்டு இருபது ஆகிவிடும். கால் கை கழுவி உட்கார்ந்தால் எட்டரை. ஊரெல்லாம் இட்லி தின்கிற நேரத்தில் அவர் ராத்திரிச் சாப்பாடு சாப்பிடுவார். ஒன்பது மணிக்கு நான் வேலை பார்க்கிற தீப்பெட்டி ஆபீஸ் வேனைப் பிடிக்க வேண்டும். சாயங்காலம் வீடு திரும்பினால் எனக்குத் தண்ணீர் எடுக்கவும் சமைக்கவுமே சரியாக இருக்கும்; அந்த அரைமணி நேரத்தில்தான் நாங்கள் புருஷன் பெண்டாட்டி.

முன்பெல்லாம் வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். போன தை மாதத்திலிருந்து, முழு நைட்டுக்கு ஆள் இல்லை என்று அவரையே நிரந்தரமாகப் போட்டுவிட்டார்கள். முடியாது என்று சொல்லத் தெரியாத மனுஷன். நான் வந்து கேட்கிறேன் என்றதற்கு, "நீ வந்தா மில்லையே மூடிருவான், பேசாம இரு" என்று சிரித்தார். என் பெயர் வெயிலுகந்தம்மாள். பெயருக்கேற்ற சூடு என்று கேலி செய்வார். எனக்குக் கோபம் முன்னால் வரும், யோசனை பின்னால் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவருக்குச் சர்க்கரை வந்து ஏழு வருஷம். நூற்றெண்பது, இருநூறு என்று மாத்திரைக்கு அடங்கிக் கிடந்தது. தொல்லையெல்லாம் தூக்கத்தில்தான். எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. பத்து மணி வெயிலிலேயே உள்ளே கால் வைக்க முடியாது. சந்து வழியாக வெளிச்சம் வேறு. புரண்டு புரண்டு படுத்துவிட்டு, சாயங்காலம் நான் வரும்போது கண் சிவந்து உட்கார்ந்திருப்பார். ஒருநாள் நூல் நூற்கிற ரிங் பிரேம் முன்னால் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டார் என்று கூட வேலை பார்க்கிற இசக்கிராஜா வந்து சொன்னான். அறுந்த நூலை ஓடுகிற மெஷினில் ஒட்டுகிற வேலை. கை உள்ளே போனால் என்ன ஆகும்? கையை வைத்துத்தான் எங்கள் பிழைப்பு.

கோவில்பட்டியில் மருந்துக்கடை வைத்திருக்கிற காளிராஜ் அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரு மாத்திரை அட்டையை எடுத்து வைத்தார்.

"நீ நெனைக்க மாதிரி தூக்க மாத்திரை இல்லம்மா இது. இருட்டினா நம்ம உடம்பே சுரக்கிற சரக்கு. மெலடோனின்னு பேரு. உன் வீட்டுக்காரரு ராத்திரி பூரா லைட்டு வெளிச்சத்துல நிக்காரு, அவருக்கு அது சரியா சுரக்காது. நாம கொடுத்தோம்னா உடம்பு ராத்திரின்னு நெனச்சுக்கிட்டுத் தூங்கிரும்."

சின்னத் தாள் கவரில் போட்டு, 'இரவு' என்பதிலும் 'உணவுக்குப் பின்' என்பதிலும் டிக் அடித்துக் கொடுத்தார்.

"இரவுன்னா எந்த இரவு அண்ணாச்சி?"

"அவரு படுக்கிற நேரம்தான் அவருக்கு இரவு. சுகர் உள்ள ஆளு, டாக்டரம்மாகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடு."

தூக்கத்துக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்? டாக்டரம்மாவிடம் நான் கேட்கவில்லை.

வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குடல் வெந்துவிடும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். எங்கள் பக்கம் எல்லாரும் அப்படித்தான். மாத்திரை போட வேண்டுமா, வயிறு நிறைய வேண்டும். சித்திரை மாதத்திலிருந்து அவருடைய எட்டரை மணிச் சாப்பாட்டில் ஒரு கரண்டி சோறு கூட்டிப் போட்டேன். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு வருகிறவருக்கு ஒரு தட்டுச் சோறு அதிகமா? சீனியைத்தானே ஒதுக்கச் சொன்னார்கள், அதை வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. கடைசி வாய்ச் சோறு உள்ளே போனதும் மாத்திரையை நானே எடுத்து அவர் உள்ளங்கையில் வைப்பேன். விழுங்கினாரா என்று பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவேன். அவர் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

வைகாசியில் சர்க்கரை இருநூற்று எழுபது. ஆனியில் முந்நூற்றுப் பத்து. பெரிய ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்குப் பார்க்கிற சுகுணா டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், வேறு மாற்றினார். "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறாரா?" என்று கேட்டார். சர்க்கரைக்கு வேறு எதுவும் இல்லையே. இல்லை என்றேன். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வெளியில இனிப்பு ஏதாவது சாப்பிடுறாரான்னு கவனிங்கம்மா. நிறையப் பேர் வீட்டுக்குத் தெரியாம செய்வாங்க."

அது போதாதா எனக்கு? அன்றைக்கே சட்டைப்பையைத் துழாவினேன். கடலைமிட்டாய் சுற்றின தாள் ஒன்று இருந்தது.

"இது என்ன?"

"இசக்கிராஜா மக சடங்குக்குக் கொடுத்தான். பிரிச்சுப் பக்கத்துல இருந்தவனுக்குக் கொடுத்துட்டேன். வேன்ல தாளைப் போட்டா டிரைவர் சத்தம் போடுவாருன்னு பையில வச்சேன்."

"மிட்டாயை அவன் தின்னானாம், தாளை இவிய வச்சுக்கிட்டாவளாம். என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது?"

"சத்தியமா நான் தின்னலட்டி வெயிலு."

நான் நம்பவில்லை. அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரிடமும், திருட்டுத்தனமாகத் தின்கிறார் என்றே சொல்லிவைத்தேன். அதற்கப்புறம் தினமும் அந்த அரைமணி நேரம் போலீஸ் விசாரணைதான். ஒருநாள் லீவு போட்டுவிட்டு மில் வாசல் டீக்கடைக்கே போனேன். எட்டு மணி ஷிப்ட் விட்டு நூறு பேர் நிற்கிறார்கள். "இவியளுக்கு இனிமே ஒரு மிட்டாய் கொடுத்தே, கடையை நடத்த விட மாட்டேன்" என்று கடைக்காரனிடம் கத்தினேன். அவன், "மிட்டாயும் வேண்டாம், டீயும் வேண்டாம், இனி இந்த ஆளு இங்கன வரவே வேண்டாம்" என்று கும்பிடு போட்டான். என் வீட்டுக்காரர் வேனுக்குள் ஏறித் தலையைக் குனிந்துகொண்டார். ஊர் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்ததையும் குற்றமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஆடி கடைசி வெள்ளிக்கிழமை. ஊர் முழுக்கக் காளியம்மன் கோயிலில் இருந்தது. எங்கள் ஊரில் ஆடு களவு போனாலும் வரப்புச் சண்டை என்றாலும் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் பேச்சு முடிந்தது. பொய் சத்தியம் செய்தவனுக்குக் கை விளங்காமல் போகும் என்பார்கள். நான் தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தி அவர் முன்னால் வைத்தேன்.

"தின்னலைன்னா அணைச்சுக் காட்டுங்க."

பூசாரி சுந்தரபாண்டியன், "புருஷன் பெண்டாட்டிக்குள்ள என்னம்மா இது" என்று தடுத்துப் பார்த்தார். நான் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம்கூட இல்லை. வலது கையைக் கொண்டுபோய்த் தீயின் மேல் வைத்தார்.

எல்லாரும் சட்டென்று தட்டி அணைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுவார்கள். இவர் எடுக்கவில்லை. தீ அணைந்தும் அந்தச் சூடேறிய தட்டிலேயே கையை அழுத்தி வைத்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தோல் கருகுகிற வாடை வந்தது. பூசாரிதான் பாய்ந்து கையை இழுத்தார். உள்ளங்கையும் இரண்டு விரலும் வெந்திருந்தன.

"ஏம்ப்பா, சுடலையா உனக்கு?" என்று கேட்டார் பூசாரி.

"சுட்ட மாதிரியே இல்லையே," என்றார் அவர். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சர்க்கரை அவர் விரல்களை மரக்கட்டை ஆக்கிவைத்திருந்தது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. நூலை அவர் கொஞ்ச நாளாகவே தொட்டுப் பார்த்து ஒட்டவில்லையாம், கண்ணால் பார்த்துத்தான் ஒட்டியிருக்கிறார். நைட் வேலையின் அசதி என்று நினைத்துக்கொண்டாராம்.

அன்றைக்கு ராத்திரி நான் அழுதேன். இவ்வளவு நேரம் தீயில் கை வைத்தவர் பொய் சொல்ல மாட்டார், இனி ஒரு சொல் கேட்பதில்லை என்று முடிவெடுத்தேன். தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன். அந்த முடிவு ஒன்பது நாள் நின்றது. பத்தாம் நாள் சர்க்கரை பார்த்தார்கள். முந்நூற்று அறுபது.

சாமி மேலேயுமா பொய் சத்தியம்? எனக்குத் தலையில் ரத்தம் ஏறிவிட்டது. புண்ணும் ஆறவில்லை. தோல் உரிந்து, தண்ணீர் வைத்து, பிறகு சீழ் வைத்தது. பக்கத்து வீட்டுப் பெத்தம்மாள் வந்து பார்த்துவிட்டு, "காளி சும்மா விடுவாளா? பொய் சத்தியம்லா" என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் அதையேதான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, அவரிடமே சொன்னேன்.

"உண்மையைச் சொல்லி அவகிட்ட மன்னிப்புக் கேளுங்க. புண்ணாவது ஆறட்டும்."

"நான் என்னத்தட்டி சொல்ல?" என்றார். காய்ச்சலில் அவருக்குப் பல் தந்தியடித்தது. அப்போதும் காலை எட்டரைக்குத் தட்டு நிறையச் சோறு போட்டு, மாத்திரையைக் கொடுத்துவிட்டுத்தான் நான் வேலைக்குப் போனேன். கையில் துணி சுற்றிக்கொண்டு அவரும் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

புரட்டாசியில் இரண்டு விரல் கறுத்துப் போயின. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சேர்த்த மறுநாளே அந்த விரல்களை எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் வெளிப்படையாகச் சொன்னார்.

"சுகர் கட்டுக்குள்ள நிக்கும்னா இத்தோட நிறுத்திப் பார்க்கலாம். மிச்சக் கை தப்பிக்க வழி இருக்கு. வீட்டுக்குப் போய் மறுபடி ஏறும்னா காத்திருந்து பிரயோஜனம் இல்ல, மணிக்கட்டோட எடுத்துர்றதுதான் உயிருக்கு நல்லது. சுகுணா மேடம் என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு நாளைக்கு முடிவு பண்றேன்."

அன்றைக்கு ராத்திரி அவர் காய்ச்சலில் தூங்கவில்லை. மறுநாள் காலையில் சுகுணா டாக்டர் கட்டிலுக்கு வந்தபோது நான் கேட்டேன்.

"அம்மா, வீட்டுல கொடுக்கிற தூக்க மாத்திரையை இங்கனயும் கொடுக்கட்டுமா?"

"எந்த மாத்திரை?"

பையிலிருந்து தாள் கவரை எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் அட்டையைத் திருப்பிப் படித்தார். எப்போதிலிருந்து, எந்த நேரத்தில், சாப்பிடுவதற்கு முன்னா பின்னா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. வயிறு நிறையச் சோறு, சோறு முடிந்த நிமிஷமே மாத்திரை என்று பெருமையாகவே சொன்னேன். டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"மெலடோனின் ஏறினா உடம்பு ராத்திரி வந்துருச்சுன்னு நினைக்கும். அதனால தூக்கம் மட்டும் வரல. இன்சுலின் சுரக்கிற கணையமும் இனி சாப்பாடு வராதுன்னு மெதுவாயிடும். அந்த நேரத்துல தட்டு நிறையச் சோறு உள்ள இருந்தா சர்க்கரை அப்படியே ரத்தத்துல நிக்கும். எல்லாருக்கும் ஒரே மாதிரி செய்யாது, சிலருக்கு ரொம்பச் செய்யும். சாப்பிட்டு ரெண்டு மூணு மணி நேரம் விட்டுப் போட்டிருந்தா இவ்வளவு ஆகியிருக்காது."

"அப்போ நான்தானாம்மா?"

"அது ஒண்ணு மட்டும்னு சொல்ல மாட்டேன். நிரந்தர நைட் வேலையே சுகரை ஏத்தும். பழைய சுகர் வேற. ஆனா சித்திரையில இருந்து நான் எது கொடுத்தாலும் இறங்காததுல இதுக்கும் பங்கு இருக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

மில் வாசலில் கத்தினது, சட்டைப்பையைத் துழாவினது, கற்பூரத் தட்டைக் கொண்டுபோய் முன்னால் வைத்தது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கண் முன்னால் வந்தது. பாவி, பாவி என்று மாரில் அடித்துக்கொண்டேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார்.

"அம்மா, அவ மேல தப்பில்ல. மாத்திரையும் இல்ல ஒண்ணும் இல்ல. நான் மிட்டாய் தின்னேன். தினமும் தின்னேன்."

டாக்டர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு ஆபரேஷன் டாக்டர் முந்தின நாள் சொன்னது ஞாபகம் வந்தது. இவர் தின்கிற ஆள் என்று எழுதிவிட்டால் கை போய்விடும்.

"பொய் சொல்லுதாரும்மா. நம்பாதீங்க."

"இத்தனை மாசமா இவர் திருட்டுத்தனமா தின்னுறார்னு சொன்னதே நீங்கதானே? நான் ஃபைல்ல எழுதி வச்சிருக்கேன்."

"நான் சொன்னதும் பொய், இப்ப அவிய சொல்லுததும் பொய். ஏங்க, எந்தக் கடையில தின்னீங்க? அம்மா முன்னாடி சொல்லுங்க."

"மில் வாசக் கடையில."

"நான் வந்து சத்தம் போட்ட நாள்ல இருந்து அந்தக் கடைக்காரன் உங்களுக்கு டீகூடக் கொடுக்கலியே. அப்புறம் எங்கன தின்னீங்க? வேன் உங்களை விலக்குல இறக்கிவிடுது. எங்க ஊர்ல கடையே கிடையாதும்மா. வாரத்துக்கு ஒருநாள் லீவு, அன்னைக்கும் நான் கூடவே இருக்கேன். இவிய எங்கன போய்த் திம்பாவ? சொல்லச் சொல்லுங்க."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இத்தனை மாதம் உண்மையைச் சொன்ன மனுஷனைப் பொய்யன் என்று ஊர் கேட்கக் கத்தினேன். அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய்யை உடைப்பதற்கு, நான் அவரை அவமானப்படுத்தின கதைதான் சாட்சிக்கு வந்தது. டாக்டர் ஃபைலில் பழையதை அடித்துவிட்டு ஏதோ எழுதினார். எழுந்து போய் ஆபரேஷன் டாக்டரிடம் பேசினார். நான்கு நாள் பார்ப்போம் என்றார்கள்.

சர்க்கரை இறங்கியது. இன்சுலின் ஊசியும், வேளா வேளைக்குக் கொஞ்சமாகச் சாப்பாடும், ராத்திரியில் தூக்கமும். மூன்றாம் நாள் நூற்று எழுபது. நான் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வார்டு வார்டாகத் திரிந்தேன். நான்காம் நாள் கட்டைப் பிரித்தபோது சீழ் எலும்பு வரைக்கும் போய், மணிக்கட்டுக்கு ஏறியிருந்தது. ஒரு மாதத்துக்கு முன்பே வந்திருந்தால் என்று ஆபரேஷன் டாக்டர் சொன்னார். அன்றைக்கு மத்தியானமே வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. மில்லில் இனி அவருக்கு வேலை இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்குப் படுத்துக் காலையில் எழுந்திருக்கிறார். ஊரில், காளி கையை வாங்கிவிட்டாள் என்கிறார்கள். நான் விடவில்லை. தண்ணீர்க் குழாயடியில், தீப்பெட்டி ஆபீஸ் வேனில், கோயிலில், பார்க்கிறவர்களிடமெல்லாம் நடந்ததைச் சொன்னேன். என் சோறும் நான் கொடுத்த மாத்திரையும்தான் சர்க்கரையை ஏற்றின, அவர் ஒரு துண்டு மிட்டாய் தின்னவில்லை, அவர் செய்தது நல்ல சத்தியம் என்றேன். நேற்று பெத்தம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு பரிதாபமாகச் சொன்னாள்.

"புருஷனை விட்டுக்கொடுக்க மனசு வரலை, சரி. ஆனா மாடக்கண்ணே எல்லார்கிட்டயும் சொல்லுதானே, நான் தின்னுட்டுத்தான் சத்தியம் பண்ணினேன்னு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வீட்டுக்கு வந்து தட்டில் சோற்றைப் போட்டேன். நிறைய இல்லை, டாக்டர் சொன்ன அளவு. அவர் முன்னால் உட்கார்ந்தேன்.

"ஊர்ல போய் ஏன் இப்படிச் சொல்லிக்கிட்டுத் திரியுதீங்க? பொய் சத்தியம் பண்ணினவன்னு பேரு வாங்கவா?"

அவர் இடது கையால் தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தார்.

"உண்மையைச் சொல்லுங்களேன். எம்பொண்டாட்டி போட்ட சோறும் மாத்திரையும்தான் காரணம்னு சொல்லுங்களேன். என்னைக் காறித் துப்பட்டும். நான் செஞ்சதுக்கு அந்தத் தண்டனைகூட இல்லையா?"

"சொல்லலாம்," என்றார். துண்டுக்குள் இருந்த மொட்டைக் கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "சொன்னா, சோத்தைத் தொடும்போதெல்லாம் உனக்குக் கை நடுங்கும்லா. இனி உன் கையாலதான நான் திங்கணும்?"

வெளியே யாரோ மாட்டை அதட்டிக்கொண்டு போனார்கள். நான் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் எடுத்தேன். கை நடுங்கியது, பாதிச் சோறு அவர் மடியிலேயே விழுந்தது. அவர் முன்னால் குனிந்து மிச்சத்தை வாயில் வாங்கிக்கொண்டார்.